அமெரிக்காவா, பங்களாதேஷா? திருப்பூர் ஸ்டார்ட்அப் ஃபவுண்டருக்கு ஒரு வக்கீலோட பதில்

இந்த வாரம் எடுத்துக்கிட்ட லெட்டர் திருப்பூர்லேர்ந்து ஒரு வாசகி எழுதுனது, நாலு பக்கம். பேரு, கம்பெனி பேரு எல்லாம் எடுத்துட்டு, ஆளை அடையாளம் காட்டிக் குடுக்கற மாதிரி இருந்த ரெண்டு மூணு விஷயத்தையும் லேசா மாத்திட்டு சுருக்கமா சொல்றேன்.

வாசகிக்கு 36 வயசு. பனியன் கம்பெனில எட்டு வருஷம் மெர்ச்சண்டைசரா இருந்துட்டு, கூட படிச்ச ஒரு நண்பரோட சேர்ந்து ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பிச்சிருக்காங்க. தையல் லைன்ல ஒவ்வொரு பண்டிலும் (வெட்டின துணிக் கட்டு) எங்க நிக்குது, எந்த டெய்லர் எத்தனை பீஸ் முடிச்சாங்க, சனிக்கிழமை சம்பளம் எவ்வளவுன்னு கணக்குப் போட்டுக் குடுக்கற ஆப். 62 ஃபேக்டரி யூஸ் பண்றாங்க, வருஷ வருமானம் 1.9 கோடி, 23 பேர் வேலை பாக்கறாங்க. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50% வரி போட்டப்ப கஸ்டமர்ல பாதிப் பேர் 'ரெண்டு மாசம் பொறுங்க'ன்னு ரென்யூவலை நிறுத்திட்டாங்க, ஒரே ஊரை நம்பி இருக்கக் கூடாதுன்னு அப்பதான் உறைச்சிருக்கு.

ஃபவுண்டர்ங்க மூணு பேர். வாசகிக்கு 45%, கோடிங் பாக்கற நண்பருக்கு 27%, மூணாவதா 14 மாசம் முன்னாடி சேர்ந்தவருக்கு 22%. இந்த மூணாவது ஆளு டெக்ஸாஸ்ல ஒன்பது வருஷம் ஒரு ஹெல்த் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஐடி டீம்ல இருந்தவர், கிரீன் கார்டு வச்சிருக்கார், ஒன்றரை வருஷம் முன்னாடி அப்பா உடம்பு சரியில்லன்னு ஊருக்கு வந்தவர். அவரு மூலமா ஒரு இன்வெஸ்டர் 5 லட்சம் டாலர் போடறேன்னு சொல்றார், ஆனா கம்பெனிய அமெரிக்காவுல டெலாவேர் மாநிலத்துக்கு மாத்தணும், ஒரு ஃபவுண்டர் அமெரிக்காவுல உக்காரணும், மாசக் கடைசிக்குள்ள பதில் வேணும். மூணாவது ஆளு 'நான் போறேன், அங்க போனா சிஇஓன்னு போட்டுக்கிட்டாதான் மதிப்பாங்க'ங்கறார். கோடிங் நண்பர் வாயே திறக்கல. வாசகியோட கேள்வி இது: "அமெரிக்கா போலாமா, இல்ல வியட்நாம் மாதிரி கார்மென்ட் நாட்டுக்குப் போலாமா? கம்பெனிய மாத்துனா நான் கம்பெனிய விட்டு வெளிய போற மாதிரி ஆயிடுமோன்னு ராத்திரி தூக்கம் வரலைங்க."

அப்புறம் மூணாவது பக்கத்துல போற போக்குல ஒரு வரி: "இம்ப்ளிமென்டேஷன் பாக்கற அண்ணா ஒருத்தர் முதல் நாள்லேர்ந்து இருக்கார், ஃபவுண்டர் இல்ல, 6% தர்றோம்னு சொல்லியிருக்கோம், இவர் முன்னாடி பங்களாதேஷ் காஜிப்பூர்ல ஒரு கார்மென்ட் ஃபேக்டரில அஞ்சு வருஷம் ஐஇ-யா (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர்) இருந்தவர்."

சரி, இனிமே உங்ககிட்டயே நேரா பேசறேங்க.

லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். அமெரிக்காவுக்கு ஒன்றரைப் பக்கம், வியட்நாமுக்கு அரைப் பக்கம், இன்வெஸ்டருக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கீங்க. காஜிப்பூர் அண்ணாவுக்கு ஒரே ஒரு வரி. எனக்கு உங்க கேள்விக்கான பதிலே அந்த ஒரு வரிலதான் இருக்கற மாதிரி தோணுது, ஏன்னு சொல்றேன்.

வெளிநாட்டுக்குப் போற கம்பெனிங்க மேப்பைப் பாத்து, மார்க்கெட் சைஸைப் பாத்து நாட்டைத் தேர்ந்தெடுக்கறாங்கன்னு நாம நினைக்கறோம். இருபது வருஷமா இந்த மாதிரி பேப்பருங்கள்ல கையெழுத்து வாங்கிட்டிருக்கற ஆளா சொல்றேன், அப்படி யாரும் தேர்ந்தெடுத்து நான் பாத்ததில்ல. ஃபவுண்டருங்கள்ல யாரு எங்க வேலை பாத்தாங்களோ, யாருக்கு எந்த ஊர்ல போன் எடுத்துப் பேசற அளவுக்கு ஆள் இருக்கோ, அங்கதான் போறாங்க, எக்செல் ஷீட் எல்லாம் முடிவு பண்ணினதுக்கு அப்புறம் போடறது. இது ஆராய்ச்சியிலயும் வந்த விஷயம்தான். 1997ல ரெபேக்கா ரூபர், ஐலீன் ஃபிஷர்னு ரெண்டு பேர் கனடா சாஃப்ட்வேர் கம்பெனிங்களை எடுத்துப் பாத்தாங்க, மேல இருக்கற டீம்ல வெளிநாட்டு அனுபவம் உள்ளவங்க இருந்தா அந்தக் கம்பெனி வெளிநாட்டுப் பார்ட்னரை அதிகமா பிடிக்குது, வெளிநாட்டு விற்பனையையும் தள்ளிப் போடாம ஆரம்பிக்குதுன்னு கண்டாங்க. அதுக்கு இருபது வருஷம் முன்னாடி ஸ்வீடன்ல உப்சாலா யுனிவர்சிட்டிக்காரங்க வேற மாதிரி சொன்னாங்க, கம்பெனி முதல்ல பழக்கவழக்கம் கிட்டத்துல இருக்கற நாட்டுக்குத்தான் போகும், அங்க கத்துக்கிட்டு மெதுமெதுவா தூரம் போகும்னு. ரெண்டும் சேர்த்துப் பாத்தா, அனுபவம் உள்ள ஆளு டீம்ல இருந்தா 'தூரம்'ங்கறதே மாறிப் போகுது. காஜிப்பூர்ல அஞ்சு வருஷம் இருந்தவருக்கு டாக்கா பக்கம், சென்னை தூரமா கூட இருக்கலாம்.

நம்ம ஊர்க் கம்பெனிங்களையே எடுத்துக்கங்க. ஸோஹோ 1996ல அட்வென்ட்நெட்னு ஆரம்பிச்சப்ப வேம்பு பிரின்ஸ்டன்ல பிஎச்டி முடிச்சு குவால்காம்ல வேலை பாத்துட்டு வந்தவர், கம்பெனி அமெரிக்காவுல ஒரு கால், சென்னைல ஒரு காலுன்னுதான் பொறந்துச்சு. ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2010ல சென்னைல ஆரம்பிச்சாங்க, கிரீஷ் மாத்ருபூதம் அதுக்கு முன்னாடி ஸோஹோவுல இருந்து வெளிநாட்டுக்காரங்களுக்கு ஆன்லைன்ல சாஃப்ட்வேர் விக்கறது எப்படின்னு பாத்துட்டு வந்தவர், முதல் கஸ்டமர் ஆஸ்திரேலியாவுல ஒரு காலேஜ். 2021ல நாஸ்டாக்ல லிஸ்ட் ஆச்சு. கவனிங்க, அவருக்கு அந்தத் திறமையைக் குடுத்தது ஒரு நாட்டுல குடியிருந்த வருஷங்க இல்ல, அந்த வகை கஸ்டமரோட பழகின வருஷங்க. நீங்க இங்கதான் கொஞ்சம் சறுக்கியிருக்கீங்க.

'அமெரிக்கா அனுபவம்' – எந்த அனுபவம்?

உங்க மூணாவது ஃபவுண்டர் டெக்ஸாஸ்ல ஒன்பது வருஷம் இருந்தார், ஒத்துக்கறேன். ஆனா இருந்தது ஹெல்த் இன்ஷூரன்ஸ் ஐடி டீம்ல. உங்க சாஃப்ட்வேரை வாங்கறது தையல் ஃபேக்டரி. அமெரிக்காவுல தையல் ஃபேக்டரி ரொம்பக் குறைஞ்சு போச்சு, லாஸ் ஏஞ்சல்ஸ் மாதிரி சில இடத்துலதான் இருக்கு. அப்ப யாருக்கு விக்கப் போறார்?

அவரும் இதை யோசிக்காம இல்ல, உங்க லெட்டர்லயே இருக்கு, 'பிராண்டுங்களுக்கு டிரேஸபிலிட்டி (சரக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு காட்டறது) விக்கலாம்'னு சொல்றார்னு. ஐடியா தப்பில்லைங்க. 2022 ஜூன்லேர்ந்து அமெரிக்காவுல வீகர் (சீனாவுல ஒரு சிறுபான்மை இனம்) கட்டாய உழைப்புத் தடைச் சட்டம் நடைமுறைல இருக்கு, பருத்தி எங்கேர்ந்து வந்துச்சுன்னு காட்ட முடியலன்னா சரக்கு போர்ட்லயே நிக்கும், அதனால பிராண்டுங்களுக்கு அந்தத் தேவை நிஜம். ஆனா அது வேற ப்ராடக்ட். உங்க ஆப் பண்டில் டிக்கெட்லேர்ந்து ஆரம்பிக்குது, அவங்களுக்கு வேண்டியது பஞ்சு, நூல், துணின்னு பின்னாடி போற சங்கிலி. அதைக் கட்டணும்னா கோடிங் நண்பருக்கு ஒரு வருஷ வேலை, விக்கணும்னா பிராண்ட்ல சோர்ஸிங் ஹெட்டைத் தெரிஞ்சிருக்கணும். அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, சண்டை போடற தொனியில வேண்டாம், டீ குடிக்கறப்ப கேளுங்க: "அமெரிக்கா இறங்குன முதல் வாரத்துல யார் யாரைப் போய்ப் பாப்பீங்க, பேரு சொல்லுங்க." அஞ்சு பேரு வந்துச்சுன்னா நான் சொன்னதை மறந்துட்டு அவரை அனுப்புங்க. 'லிங்க்ட்இன்ல பிடிக்கலாம்'னு வந்துச்சுன்னா, அதைத் திருப்பூர்ல உக்காந்தும் பிடிக்கலாம்.

என்கிட்ட வந்த ஒரு கம்பெனி (பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம்) இதே மாதிரி 'வெளிநாட்டுல இருந்தவர்'ங்கற ஒரே தகுதில ஒரு ஃபவுண்டரை அனுப்பிச்சாங்க. பதினோரு மாசம். வாடகை, விசா, எக்ஸிபிஷன் ஸ்டால்னு 90 லட்சத்துக்கு மேல போச்சு. திரும்பி வந்தப்ப கையில இருந்தது மூணு ஃப்ரீ டிரையல், அதுல ஒண்ணு அவரோட மச்சினர் கம்பெனி.

வியட்நாம் பத்தி ரொம்ப சொல்றதுக்கில்ல. உங்க டீம்ல யாரும் அங்க போனதில்ல, பாஷை தெரியாது, ஒரு ஆளும் தெரியாது. இப்போதைக்கு வேண்டாம்.

அந்த ஒரு வரி அண்ணா

இப்ப காஜிப்பூருக்கு வர்றேன். பங்களாதேஷ் ஏற்றுமதில நூத்துக்கு எண்பதுக்கு மேல ரெடிமேட் துணிதான், காஜிப்பூர், ஆஷுலியா, நாராயண்கஞ்ச்னு டாக்காவைச் சுத்தி ஃபேக்டரி நிக்குது, அந்த ஃபேக்டரிங்கள்ல ப்ரொடக்‌ஷன் மேனேஜர், ஐஇ, மெர்ச்சண்டைசர்னு இந்தியாக்காரங்களும் இலங்கைக்காரங்களும் நிறையப் பேர் இருக்காங்க. உங்க அண்ணா அந்தக் கூட்டத்துல அஞ்சு வருஷம் இருந்தவர். அவரோட போன்ல இருக்கற நம்பருங்கதான் உங்க மார்க்கெட் ரிசர்ச்.

அவர் எதுக்கு முக்கியம்னு ஒரு சின்ன விஷயத்துல காட்டறேன். உங்க ஆப்போட உயிரே சனிக்கிழமை சம்பளக் கணக்குன்னு எழுதியிருக்கீங்க, பீஸ் ரேட்டு, வாரச் சம்பளம். பங்களாதேஷ்ல பெரும்பாலும் மாசச் சம்பளம், கிரேடு வாரியா, 2023 டிசம்பர்லேர்ந்து கடைசி கிரேடுக்குக் குறைஞ்சபட்சம் 12,500 டாக்கான்னு அரசாங்கம் நிர்ணயிச்சது, அதுக்கு மேல ஓவர்டைம் கணக்கு. அப்ப உங்க பெருமைக்குரிய சனிக்கிழமை ஸ்க்ரீன் அங்க நிறையப் பேருக்கு வேண்டாம். அவங்களுக்கு வேண்டியது மணிக்கணக்கு டார்கெட். லைன் முனையில ஒயிட் போர்டு மாட்டி, பத்துலேர்ந்து பதினொண்ணு டார்கெட் 120, வந்தது 87ன்னு மார்க்கர்ல எழுதுவாங்க பாருங்க, அது. அந்த போர்டை நான் உங்க ஊர்லயே ஒரு ஃபேக்டரில பாத்திருக்கேன், சூப்பர்வைசர் 11 மணி கட்டத்தைக் காலியா விட்டுட்டு, மேனேஜர் அந்தப் பக்கம் போனதுக்கப்புறம் அடுத்த மணி பீஸையும் சேர்த்து எழுதினார். இந்தத் தில்லுமுல்லு தெரிஞ்சவராலதான் அதைப் பிடிக்கற சாஃப்ட்வேரை விக்க முடியும். டெக்ஸாஸ் நண்பருக்கு இது தெரியாது, உங்களுக்குப் பாதி தெரியும், அண்ணாவுக்கு வங்காள பாஷைலயே தெரியும்.

இன்னொண்ணு, அங்க ஃபேக்டரிக்கு லீவு வெள்ளிக்கிழமை, ஞாயித்துக்கிழமை முழு வேலை. உங்க சப்போர்ட் ஆளுங்க ஞாயிறு உக்காரணும். ஆனா டைம் நம்மளை விட அரை மணி நேரம்தான் முன்னாடி. டெக்ஸாஸ்னா பத்தரை, பதினொன்றரை மணி நேரம் பின்னாடி, ராத்திரி ஷிஃப்ட் போடணும். கோடிங் நண்பர் வாயே திறக்காததுக்குக் காரணம் இதுவா கூட இருக்கலாம், ராத்திரி சர்வர் படுத்தா எந்திரிக்கப் போறது அவர்தானே. கேட்டுப் பாத்தீங்களா?

பங்களாதேஷ்னா பூப்பாதைன்னு சொல்ல வரலைங்க. 2024 ஆகஸ்ட்ல ஆட்சி கவிழ்ந்தப்புறம் ரெண்டு நாட்டு உறவும் கரடுமுரடாத்தான் இருந்துச்சு, 2025 ஏப்ரல்ல அவங்க நம்ம நூலைத் தரை வழியா வரக் கூடாதுன்னாங்க, மே மாசம் நாம அவங்க துணியைத் தரை வழியா வேண்டாம்னோம். சாஃப்ட்வேருக்கு லாரி வேண்டியதில்லதான், ஆனா பில்லுக்குப் பணம் வர்றது அந்த ஊர் பேங்க் வழியாத்தான், அந்நியச் செலாவணி விதி இருக்கு, அங்கயே டேக்ஸ் பிடிச்சுட்டுத்தான் அனுப்புவாங்க, பிடிச்சதுக்கு சர்டிஃபிகேட் வாங்கி இங்க க்ரெடிட் எடுக்கணும். அதனால முதல் காண்ட்ராக்ட் போடறதுக்கு முன்னாடியே 'டேக்ஸ் போக எங்க கைக்கு எவ்வளவு'ன்னு எழுதிக்கங்க. அண்ணாவை டூரிஸ்ட் விசாவுல அனுப்பி ஃபேக்டரில உக்காத்தி வச்சு வேலை வாங்காதீங்க, நம்மாளுங்க நிறையப் பேர் மாட்டறது இதுலதான். மீட்டிங்குக்குப் பிசினஸ் விசா, அங்கயே தங்கி வேலை பாக்கணும்னா அவங்க முதலீட்டு ஆணையத்துகிட்ட வொர்க் பர்மிட்.

அப்புறம் பெரிய ரிஸ்க் ஒண்ணு, அண்ணா போனா மார்க்கெட்டும் போயிடும். ஒரே ஆளோட அனுபவத்துல ஏறிப் போற எல்லாக் கம்பெனிக்கும் இருக்கற நோய் இது. இவரோ இப்ப உங்ககிட்ட வாய் வார்த்தைல 6% வச்சிருக்கார். வாய் வார்த்தை ஈசாப் (ஊழியருக்கு ஷேர் குடுக்கற திட்டம்) சட்டப்படி ஒண்ணுமே இல்லைங்க. ஷேர்ஹோல்டருங்க ரெசல்யூஷன் போடணும், ஸ்கீம் எழுதணும், கிராண்ட் லெட்டர் குடுக்கணும், குடுத்த நாள்லேர்ந்து குறைஞ்சது ஒரு வருஷம் கழிச்சுத்தான் வெஸ்டிங் (ஷேர் மேல உரிமை வர்றது). இதை இந்த மாசமே பண்ணுங்க. ஈசாப் போதுமா, கோ-ஃபவுண்டர்னே சொல்லிடலாமாங்கறது உங்க மூணு பேர் முடிவு, என்னைக் கேட்டா சொல்லிடலாம். முதல் நாள்லேர்ந்து இருந்தவர் ஃபவுண்டர் இல்ல, 14 மாசம் முன்னாடி வந்தவர் ஃபவுண்டர்ங்கறது எந்தக் கணக்குன்னு எனக்குப் புரியல.

டெலாவேர் – இங்க கொஞ்சம் நிதானமா படிங்க

முதல்ல ஒரு தப்பான எண்ணத்தை எடுத்துடறேன். வெளிநாட்டுல விக்கணும்னா அங்க கம்பெனி வேணும்னு அவசியமே இல்ல. திருப்பூர் கம்பெனி பேர்லயே டாலர்ல பில் போடலாம், எல்யூடி (ஜிஎஸ்டி ஆபீஸுக்கு ஒரு உறுதிமொழிக் கடிதம்) குடுத்துட்டா ஜிஎஸ்டி கட்டாமலே எக்ஸ்போர்ட் பண்ணலாம். முதல் பத்து கஸ்டமர் வரைக்கும் இதுவே தாராளம்.

அடுத்தது, 'ஆன்லைன்ல ரெண்டு வாரத்துல டெலாவேர் கம்பெனி ஆயிடும், நாம மூணு பேரும் அதுல ஷேர் எடுத்துக்கிட்டு இந்தியா கம்பெனிய அதுக்குக் கீழ வச்சிடலாம்'னு உங்க ஃபவுண்டர் சொன்னதா எழுதியிருக்கீங்க. கம்பெனி ஆயிடும், அது நிஜம். ஆனா இந்தியாவுல குடியிருக்கற உங்களுக்கும் கோடிங் நண்பருக்கும் 2022 ஆகஸ்ட்ல வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகள் பொருந்தும். வருஷத்துக்கு ஒரு ஆளுக்கு 2.5 லட்சம் டாலர் அனுப்பலாம்ங்கறது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னன்னா, தனி ஆளா நீங்க கன்ட்ரோல் வச்சிருக்கற வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கீழ சப்சிடியரி இருக்கக் கூடாது, 10% ஓட்டுரிமை இருந்தாலே அது கன்ட்ரோல் கணக்குல வந்துரும். நீங்க 45%, அவர் 27%. அப்ப அந்த நேர்வழி உங்க ரெண்டு பேருக்கும் அடைச்சிருக்கு. நடைமுறைல என்ன ஆகும்? 'இப்போதைக்கு என் பேர்ல இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்'னு ஒரு பேச்சு வரும். உங்க தூக்கம் போனதுக்குக் காரணம் இதுதான்னு நினைக்கறேன், உங்களுக்குச் சட்டம் தெரியாட்டியும் மூக்கு வேர்த்திருக்கு. அந்தப் பேச்சுக்கு மட்டும் தலையாட்டிடாதீங்க, 45% இருந்தவங்க ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டு நம்பிக்கைக் கணக்குல போயிடுவீங்க. அவர் கெட்டவர்னு சொல்லல. அவருக்கே விதி தெரியாம இருக்கலாம்.

ஷேரை ஷேருக்கு மாத்திக்கிற வழிங்க இருக்கு, ஆனா இந்தியா ஷேரைக் குடுத்துட்டு வெளிநாட்டு ஷேர் வாங்கறது டேக்ஸ் பாஷைல ஒரு விற்பனை, கையில காசு வராமயே கேபிடல் கெயின்ஸ் டேக்ஸ் வரலாம். திரும்பி வர்றது இன்னும் காஸ்ட்லி. ஃபோன்பே சிங்கப்பூர்லேர்ந்து இந்தியாவுக்கு 2022ல மாறினப்ப முதலீட்டாளருங்க கட்டின டேக்ஸ் கிட்டத்தட்ட 8,000 கோடி, ஷேர் வாங்கி விக்கற ஆப் க்ரோ டெலாவேர்லேர்ந்து வந்தப்ப அந்தக் கம்பெனி கட்டினது 1,340 கோடி. உங்க அளவு சின்னதுதான், ஆனா போன வழியே திரும்பறதுக்குத் தனியா டிக்கெட் எடுக்கணும்ங்கறதுக்காகச் சொன்னேன். அந்தக் காலத்துல எல்லாரும் வெளிய ஓடினதுக்கு ஏஞ்சல் டேக்ஸும் (ஸ்டார்ட்அப்ல அதிக விலைக்கு ஷேர் வாங்கின முதலீட்டு மேல போட்ட வரி) ஒரு காரணம், அதை 2024 பட்ஜெட்ல எடுத்தாச்சு.

வெளிநாட்டுல கம்பெனி கட்டாயம் வேணும்ங்கற நாள் வந்தா, திருப்பூர் கம்பெனியே தாயா இருந்து அங்க ஒரு சப்சிடியரி ஆரம்பிக்கலாம். கடைசி ஆடிட்டட் பேலன்ஸ் ஷீட்ல இருக்கற நெட்வொர்த்துல நாலு மடங்கு வரைக்கும் யாருகிட்டயும் அனுமதி கேக்காம போடலாம். உங்களுக்கு 70 லட்சம் நெட்வொர்த்னு எழுதியிருக்கீங்க, அப்ப 2.8 கோடி வரைக்கும். பணம் போறதுக்கு முன்னாடி பேங்க் வழியா ஃபார்ம் எஃப்சி குடுத்து நம்பர் வாங்கணும், வருஷா வருஷம் டிசம்பர் 31க்குள்ள ரிப்போர்ட் குடுக்கணும், மறந்தா லேட் ஃபீஸ். இந்த வழில உங்க 45% உங்க கைலயே இருக்கும், இன்வெஸ்டரும் திருப்பூர் கம்பெனிலயே பணம் போடலாம்.

மூணாவது ஃபவுண்டர்கிட்ட பேச வேண்டியது

இவரை வில்லனாக்க வேண்டாங்க. மூணு பேரும் ஒரே காலேஜ், ஒரே ஊர், ஒரே யோசனையா இருக்கற டீம்ல சண்டை வராது, ஆனா ஊருக்கு வெளிய என்ன இருக்குன்னும் தெரியாது. 'வெளிய போகணும்'னு முதல்ல சொன்னவர் இவர்தான், அந்த மதிப்பு அவருக்கு உண்டு. ஆனா மூணு விஷயம் பேசியே ஆகணும்.

ஒண்ணு, 22%க்கு வெஸ்டிங் இல்லன்னு எழுதியிருக்கீங்க. அதாவது நாளைக்கே டெக்ஸாஸ் போய் வேற வேலைல சேர்ந்தாலும் 22% அவரோடது. நாலு வருஷ வெஸ்டிங்னு நீங்க மூணு பேருமே போட்டுக்கங்க, அவருக்கு மட்டும் போட்டா தண்டனை மாதிரி ஆயிடும். ஏற்கனவே உழைச்ச காலத்தைக் கழிச்சுக் குடுத்துடுங்க.

ரெண்டு, கிரீன் கார்டு. வந்து ஒன்றரை வருஷம் ஆச்சுங்கறீங்க. நடுவுல அமெரிக்கா போய்ட்டு வந்தாரா, கிளம்பறதுக்கு முன்னாடி ரீ-என்ட்ரி பர்மிட் வாங்கினாரா? ரெண்டும் இல்லன்னா, ஒரு வருஷத்துக்கு மேல தொடர்ந்து வெளிய இருந்ததுல அந்தக் கார்டை மட்டும் காட்டி உள்ள போக முடியாது, திரும்பற குடியிருப்பாளர் விசாவுக்குத் தனியா காரணம் காட்டணும். 'நான் போறேன்'ங்கற திட்டமே இந்த ஒரு பேப்பர்ல நிக்குது, இன்வெஸ்டருக்கு இது தெரியுமா? கார்டு இன்னும் உயிரோட இருந்தா அதுக்கு ஒரு விலையும் இருக்கு, இங்க இருந்தாலும் அமெரிக்க வரிக் கணக்கு வருஷா வருஷம் போடணும், வெளிநாட்டுக் கம்பெனில 10%க்கு மேல ஷேர் எடுத்ததுக்கு ஃபார்ம் 5471ன்னு தனியா ஒண்ணு, விட்டா அபராதம் 10,000 டாலர்லேர்ந்து ஆரம்பிக்கும். அங்க ஒரு சிபிஏவை (அமெரிக்க ஆடிட்டர்) பாக்கச் சொல்லுங்க, அவர் நல்லதுக்குத்தான்.

மூணு, அவர் டெக்ஸாஸ்ல உக்காந்து திருப்பூர் கம்பெனி பேர்ல காண்ட்ராக்ட் பேசி முடிச்சுட்டே இருந்தா, உங்க கம்பெனிக்கு அங்க ஒரு நிரந்தர இடம் இருக்கறதா அமெரிக்க வரித்துறை எடுத்துக்கலாம், லாபத்துல ஒரு பங்குக்கு அங்க வரி வரும். யாரு கையெழுத்துப் போடலாம்ங்கறதை போர்டு ரெசல்யூஷன்ல எழுதிடுங்க.

சிஇஓ பட்டம் பத்திக் கேட்டீங்க. அங்க போறவருக்கு 'பிரெசிடென்ட், அமெரிக்கா'ன்னு போட்டா கஸ்டமர் யாரும் கார்டைத் திருப்பிக் குடுக்கப் போறதில்ல. சிஇஓ நீங்கதான், போர்டுல டைரக்டரை நியமிக்கற உரிமையும் உங்ககிட்டதான் இருக்கணும். பட்டத்தை விட அந்த நியமன உரிமை பெருசு, ஷேர்ஹோல்டர் அக்ரிமென்ட்ல எந்தப் பத்தில அது இருக்குன்னு தேடிப் பாருங்க, இல்லன்னா அதுவும் ஒரு வேலை.

நீங்களே போகணுமா, பொண்ணு அஞ்சாவது படிக்கறான்னு கடைசில கேட்டிருக்கீங்க. இப்ப வேண்டாம். அமெரிக்காவுல ஆளுங்களைப் பாக்க, பேரம் பேச பி-1 விசா போதும், வேலை பாக்கத்தான் கூடாது. என்னைக்காவது அங்க சப்சிடியரி ஆரம்பிச்சா, கம்பெனி மேனேஜரை அங்க மாத்தறதுக்கு எல்-1ஏ விசா இருக்கு, புது ஆபீஸ்னா முதல்ல ஒரு வருஷம்தான் குடுப்பாங்க. அது அப்ப பாக்கலாம். டாக்காவுக்கு மட்டும் முதல் தடவை அண்ணாவோட நீங்களும் போங்க, ஒரு வாரம். கோடிங் நண்பரையும் இழுத்துட்டுப் போங்க, அவர் ஒரு நாள் அந்த லைன்ல நின்னு பாத்தா சனிக்கிழமை ஸ்க்ரீனைத் தானே அழிச்சுடுவார்.

மாசக் கடைசிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. இன்வெஸ்டருக்கு நாளைக்கே மெயில் போடுங்க, இவ்வளவு போதும்: "உங்க ஆர்வத்துக்கு நன்றி. எங்க முதல் வெளிநாட்டு முயற்சி டாக்கா-காஜிப்பூர்ல மூணு ஃபேக்டரில ஆறு மாச பைலட். இந்திய கம்பெனியிலயே முதலீடு வாங்கத் தயாரா இருக்கோம். டெலாவேர் மாத்தறதுக்கு இந்தியாவுல குடியிருக்கற ஃபவுண்டருங்களுக்கு இருக்கற சட்டத் தடை பத்தி எங்க வக்கீலோட கருத்தை எழுத்துல அனுப்பறோம், அதுக்கப்புறம் பேசலாம்." மூணு ஃபேக்டரின்னு எழுதறதுக்கு முன்னாடி அண்ணாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க, அவர் அஞ்சுன்னாலும் சொல்வார். மெயில்ல மூணு ஃபவுண்டரையும் சிசி போடுங்க, அண்ணாவையும் சேர்த்து.